திருமுக்கூடல் நடையும் கட்டுச்சோற்று எலுமிச்சையும்

தை மாதம் இரண்டாம் நாள், மாட்டுப் பொங்கலன்று, பாலாற்றங்கரைக் கிராமங்களில் ஜனங்கள் வீட்டில் தங்குவது அரிது. காஞ்சி வரதராஜப் பெருமாள் அன்று பார்வேட்டை உற்சவத்தின் பொருட்டுப் பழையசீவரம் மலைக்கு எழுந்தருளுகிறார். பின்னர் ஆற்றைக் கடந்து அக்கரையிலுள்ள திருமுக்கூடலை அடைகிறார். பழையசீவரம் நரசிம்மர், காவாந்தண்டலம் லக்ஷ்மீநாராயணர், சாலவாக்கம் ஸ்ரீநிவாசர், திருமுக்கூடல் வெங்கடேசர் ஆகிய மூர்த்திகளும் அவருடன் கூட, ஐந்து பெருமாள்களும் ஒரே இடத்தில் சேவை சாதிப்பது வழக்கம். பாலாறு, செய்யாறு, வேகவதி என்னும் மூன்று ஆறுகளும் கலக்குமிடமாதலால் அவ்வூர் முக்கூடல் எனப் பெயர் பெற்றது.

உத்திரமேரூர் தாலூகாவின் கிராமங்களிலிருந்து இவ்வுற்சவத்துக்குச் செல்வோருக்குப் பஸ்ஸும் மோட்டாரும் இப்போது தாராளமாய் உண்டு. ஆயினும் பத்துப் பதினைந்து பேராகச் சேர்ந்து, விடியுமுன் புறப்பட்டு, ஏரிக்கரை வழியாகவும் வரப்பு வழியாகவும் நடந்தே செல்லும் கூட்டத்தார் அற்றுப் போய்விடவில்லை. குழந்தைகள் முன்னே ஓட, பெரியவர்கள் பின்னே பயிர் பார்த்துக்கொண்டு நடப்பர். அயலூரான் வயலில் சம்பா எப்படித் தலை சாய்ந்திருக்கிறது, எந்த மடை அடைபட்டுக் கிடக்கிறது, யார் தோட்டத்தில் மரம் காய்த்திருக்கிறது என்பதெல்லாம் இப்படி நடக்கும்போதுதான் கண்ணில் படும். மோட்டாரில் செல்பவனுக்குச் சாலையோரப் புளியமரம் ஒன்றே மிச்சம்.

இந்த நடையில் பெண்கள் இடுப்பில் ஏந்திச் செல்லும் கட்டுச்சோற்று மூட்டையை அவிழ்த்துப் பார்த்தால் ஒரு விஷயம் விளங்கும். எலுமிச்சஞ்சாதம், தயிர்ச்சாதம், அவற்றுக்குத் துணையாக உப்பு நார்த்தங்காய், நார்த்தை இலையில் இடித்த வேப்பிலைக்கட்டி, பானகத்துக்கென்று தனியே ஒரு முடிச்சில் வெல்லமும் சுக்கும் நாலைந்து எலுமிச்சம் பழங்களும் இருக்கும். மூட்டையில் பாதி, எலுமிச்சைக் குடும்பத்து மரங்கள் கொடுத்தது. இது தற்செயலாக ஏற்பட்டதன்று. வெயிலில் நடப்பவனுக்குக் கெடாத சோறும், தாகம் தீர்க்கும் பானமும், நாவுக்கு உறைக்கும் தொடுகறியும் வேண்டும். இம்மூன்றையும் கொல்லையிலுள்ள ஒரே இனத்து மரங்களிலிருந்து எடுத்துக்கொள்ள நம் பாட்டிமார் அறிந்திருந்தனர்.

எலுமிச்சஞ்சாதம் வெறுஞ்சோற்றைவிட நெடுநேரம் கெடாமலிருப்பதற்குக் காரணம் அதிலுள்ள புளிப்பேயாம். சோற்றைக் கெடுக்கும் நுண்ணுயிர்கள் புளிப்பில் எளிதில் பெருகுவதில்லை. ஆனால் செய்யும் முறை பிசகினால் இப்பயன் குறைந்துவிடும். சோற்றை உதிரியாக வடித்து, அகன்ற தட்டில் கொட்டி, நன்றாக ஆறியபின் உப்பும் மஞ்சளும் சேர்த்துத் தாளித்த நல்லெண்ணெயை ஊற்ற வேண்டும். சாற்றைக் கடைசியிலேயே பிழிதல் வேண்டும். கொதிக்கும் எண்ணெயில் சாற்றை ஊற்றினால் கசப்புத் தட்டுவதோடு, பழத்திலுள்ள சி வைட்டமின் என்னும் சத்தும் வீணாகும். சூட்டோடு மூட்டையைக் கட்டினால் உள்ளே வேர்த்து, ஊருக்கு வெளியே போகுமுன்னரே சோறு நெகிழ்ந்து போகும். வெங்காயமும் தேங்காயும் சேர்த்தால் ருசி கூடலாம், கெடுவதும் விரைவாகும். எப்படிச் செய்தாலும் காலையில் கட்டியதை நண்பகலுக்குள் உண்டு முடித்துவிடல் நலம்.

வேப்பிலைக்கட்டியில் வேப்பிலை இல்லை என்பதை நகரத்துப் பிள்ளைகள் பலர் அறியார். நார்த்தையின் இளந்தளிரும் எலுமிச்சையின் இளந்தளிருமே அதற்கு இலை. நடுநரம்பை உருவி எறிந்துவிட்டு, வறுத்த மிளகாய், பெருங்காயம், ஓமம், உப்பு, சிறிது புளி சேர்த்து உரலில் இடித்து உருண்டையாகப் பிடித்துவைத்தால் பல நாட்கள் கெடாது. தயிர்ச்சாதத்துக்கு இதனினும் சிறந்த கூட்டு வேறில்லை. பழம் விற்று வரும் காசைக் கணக்கிடும் குடியானவர்கள் இலைக்கும் ஒரு பயன் உண்டென்பதை மறந்துவிடுகின்றனர்.

இப்போது பல கூட்டத்தார் இம்மூட்டைக்குப் பதிலாகக் கடையில் விற்கும் நிறமேற்றிய பானங்களையும் காகிதப் பொட்டலங்களில் அடைத்த தீனிகளையும் வாங்கிச் செல்கின்றனர். ஆற்று மணலில் மறுநாள் கிடக்கும் புட்டிகளே இதற்குச் சாட்சி. அப்புட்டிகளில் பழத்தின் வாசனை உண்டே தவிரப் பழம் இருப்பது அபூர்வம். அதே வாரத்தில் அதே ஊரின் கொல்லைகளில் நார்த்தங்காய் உதிர்ந்து கிடக்கும்.

எலுமிச்சை விலையின் போக்கைச் சற்றுக் கவனித்தால் இவ்விழப்பு எவ்வளவென்பது தெரியவரும். மழைக்காலத்தில் பழம் மலிந்து, பறிக்கும் கூலிக்குக்கூடக் கட்டாத நிலை அடிக்கடி ஏற்படுகிறது. சென்னைச் சந்தைக்கு ஆந்திர தேசத்துக் கூடூர், நெல்லூர்ப் பக்கங்களிலிருந்தும், தென் ஜில்லாக்களுக்குப் புளியங்குடியிலிருந்தும் லாரி லாரியாகப் பழம் வரும்போது, வீட்டுக்கு இரண்டு மரம் வைத்திருப்பவனின் கூடையை எந்த வியாபாரியும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. பங்குனி சித்திரையிலோ நிலைமை தலைகீழாகிறது. 2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஒரு கிலோ 200 ரூபாயைக் கடந்து விற்றது பலருக்கும் நினைவிருக்கும். ஆவணியில் மண்ணில் மட்கவிட்ட பழத்தையே சித்திரையில் காசு கொடுத்து வாங்குவது எந்தக் குடும்பத்துக்கும் கட்டுபடியாகாது.

இன்னொன்றும் உண்டு. சொறிநோய் கண்ட பழத்தைச் சந்தை ஒதுக்கிவிடுகிறது. அந்நோயினால் தோலில் துருப்போன்ற பொருக்குகள் எழும்புகின்றனவே தவிர, உள்ளிருக்கும் சாற்றுக்குக் கேடில்லை. அத்தகைய பழத்தைத் தோலோடு ஊறுகாய் போடலாகாது. சாறு பிழிந்து பானகமாக்கத் தடையில்லை. வியாபாரி கழித்த கூடையே வீட்டுப் பானகத்துக்குப் போதுமானது. அழுகியதும் பூசணம் பிடித்ததும் எதற்கும் உதவா. அவற்றைத் தயங்காமல் எருக்குழியில் போட்டுவிட வேண்டும்.

எலுமிச்சைப் பானகம் செய்யும் முறை எளிது. ஒரு லிட்டர் சாற்றுக்கு 2 கிலோ சர்க்கரையும் ஒரு லிட்டர் தண்ணீரும் வேண்டும். ஏறக்குறைய இரண்டரைக் கிலோ நல்ல பழத்தில் இச்சாறு கிடைக்கும். சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவைத்து, துணியில் வடிகட்டி, முற்றிலும் ஆறவிட வேண்டும். ஆறிய பாகில் வடிகட்டிய சாற்றைக் கலக்க வேண்டும். சாற்றை அடுப்பில் ஏற்றலாகாது. நெடுநாள் வைக்க விரும்புவோர் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் என்னும் உப்பை, ஒரு கிலோ பானகத்துக்கு 0.6 கிராமுக்கு மேற்படாமல், சிறிது நீரில் கரைத்துச் சேர்ப்பர். மேற்சொன்ன அளவில் செய்தால் 4 கிலோ பானகம் கிடைக்குமாதலால் 2.4 கிராம் போதும். இதைக் கண்மதிப்பாக அள்ளிப் போடுவது அபாயம். சிறிய தராசில் நிறுத்தே போட வேண்டும். இழுப்பு நோய் உடையவர்களுக்கு இவ்வுப்பு ஒத்துக்கொள்ளாமற் போகக்கூடும். அத்தகையோர் உள்ள வீட்டில் அது சேராமல் செய்து, குளிர்ப்பெட்டியில் வைத்து, விரைவில் செலவழித்துவிடுவது உத்தமம். புட்டிகளைக் கொதிநீரில் சுத்திசெய்து, கழுத்தளவு இடம் விட்டு நிரப்பி இறுக மூட வேண்டும்.

இவ்வாறு செய்த பானகம் மூன்றேகால் லிட்டருக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர் சேர்த்தால் 16 லிட்டர், அதாவது 200 மில்லி கொள்ளும் டம்ளரில் 80 டம்ளர். மலிவுக்காலத்துப் பழம் இரண்டரைக் கிலோவும் சர்க்கரை 2 கிலோவும் கொண்டு ஒரு நடைக் கூட்டத்தார் அனைவருக்கும் பலமுறை தாகம் தீர்க்கலாம். சித்திரையில் தண்ணீர்ப் பந்தல் வைக்கும் ஊர்களும் இதைக் கருதலாம்.

பாத்திரத்தைப் பற்றி அலக்ஷ்யம் கூடாது. ஈயம் பூசாத பித்தளையிலும் செம்பிலும் எலுமிச்சைச் சாறு பட்டால் களிம்பு ஏறும், அது விஷம். அலுமினியத்தையும் புளிப்பு அரிக்கும். எவர்சில்வர், கண்ணாடி, பீங்கான் ஆகியவையே ஏற்றவை. செம்பினால் மற்றொரு கேடும் உண்டு. அது சி வைட்டமினை விரைந்து அழித்துவிடும். இதன் உண்மை கடலோடிகளின் சரித்திரத்தில் நன்கு விளங்குகிறது. 1747ஆம் ஆண்டில் ஜேம்ஸ் லிண்ட் என்னும் ஸ்காட்லாந்து தேசத்துக் கப்பல் வைத்தியர், பல் ஈறு வீங்கி இரத்தம் கசியும் ஸ்கர்வி நோய் கண்ட 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து வெவ்வேறு மருந்துகள் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவரே விரைவில் குணமடைந்தனர். 1795 முதல் பிரிட்டிஷ் கடற்படையினருக்கு எலுமிச்சைச் சாறு வழங்கப்படலாயிற்று, நோயும் ஒடுங்கிற்று. பிற்காலத்தில் அச்சாற்றுக்குப் பதிலாக மேற்கிந்தியத் தீவுகளின் சிறு எலுமிச்சையைப் பிழிந்து, காற்றுப்பட வைத்து, செம்புக் குழாய்களின் வழியே செலுத்திய சாற்றைக் கொடுத்தபோது அதன் வீரியம் பெரிதும் குன்றியிருந்தது. நோய் மீண்டும் தலைகாட்டிற்று. பழத்தில் குறையில்லை, பக்குவத்தில்தான் குறை. அச்சத்து இன்னதென்று பிரித்தறிந்த ஸெந்த் கியோர்கி என்னும் ஹங்கேரி தேசத்து விஞ்ஞானிக்கு 1937இல் நோபல் பரிசு கிடைத்தது.

உப்பு நார்த்தங்காய் போடாத வீடு முன்னர் இப்பக்கத்தில் இல்லை. காயைக் கழுவித் துடைத்து, ஈரமில்லாமல் நிழலில் ஆற்றி, மேலிருந்து கீழாகச் சுருள் சுருளாக, அறுந்து போகாமல் அரிய வேண்டும். சுருளின் இடையில் கல்லுப்பைத் திணித்து ஜாடியில் அடுக்க வேண்டும். ஒரு கிலோ காய்க்கு 200 கிராம் உப்புக்குக் குறையலாகாது. உப்பில் சிக்கனம் செய்பவர்களுடைய ஜாடியில்தான் பூசணம் பூக்கிறது. மூன்று நாள் ஜாடியைக் குலுக்கிவிட்டபின், நான்காம் நாள் முதல் பகலில் சுருளை மட்டும் வெயிலில் உலர்த்தி, மாலையில் மீண்டும் உப்புநீரில் இட வேண்டும். நீர் முழுவதும் காயில் ஏறி வற்றும்வரை இப்படியே செய்து, கடைசியில் சுக்குப்போல் காயவிட்டு எடுத்துவைத்தால் ஓராண்டுக்கு மேலும் இருக்கும். தையில் வெயில் இதமாயிருத்தலால் இதற்கு அதுவே தக்க காலம்.

பிள்ளைகள் விரும்புவது இனிப்பையே. அவர்களுக்கென்று நடையில் எடுத்துச்செல்ல ஏற்றது தோல் மிட்டாய். எலுமிச்சையின் தோல் மெல்லியதாகையால் இதற்கு உதவாது. நார்த்தை, பம்ப்ளிமாஸ் ஆகியவற்றின் தடித்த வெண்சதையுள்ள தோலே சிறந்தது. கமலாவும் சாத்துக்குடியும் நடுத்தரம். மத்தியதரைக் கடலோர நாடுகளில் நார்த்தைக்கு நெருங்கிய உறவான பழத்தின் தோலை இவ்வாறு சர்க்கரையில் பதப்படுத்தி, பண்டிகைப் பலகாரங்களில் சேர்க்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. அங்கே அப்பழத்தின் சாற்றைவிடத் தோலுக்கே மதிப்பு அதிகம். இங்கே சாற்றைப் பிழிந்துகொண்டு தோலைக் குப்பையில் எறிகிறோம்.

தோலை விரற்கடை அகலத் துண்டுகளாக நறுக்கி, சிறிது உப்பிட்ட நீரில் ஓர் இரவு ஊறவைக்க வேண்டும். மறுநாள் கழுவிவிட்டுப் புது நீரில் பத்துப் பதினைந்து நிமிஷம் கொதிக்கவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டு, மீண்டும் புது நீர் ஊற்றிக் கொதிக்கவைக்க வேண்டும். இப்படி மூன்று முறையேனும் செய்தால்தான் கசப்பு அடங்கும். ஊசியால் குத்தினால் தடையின்றி இறங்கும் பதத்தில் தோல் வெந்திருக்க வேண்டும். முழுக் கசப்பும் போக வேண்டுமென்று கருதி மேலும் வேகவிடுவோர் வாசனையையும் சேர்த்துப் போக்கிவிடுவர். சிறிது கசப்பு இருப்பதே இப்பண்டத்துக்கு அழகு.

இனிச் சர்க்கரை ஏற்றும் வேலை. இங்கேதான் அனேகர் அவசரப்பட்டுக் கெடுத்துவிடுகின்றனர். வெந்த தோல் ஒரு கிலோவுக்கு, ஒரு கிலோ சர்க்கரையை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்த இளம்பாகே முதல் நாளுக்குப் போதும். அதில் ஒரு கரண்டி எலுமிச்சைச் சாறு சேர்த்தால் பாகு பின்னர்ப் பூத்துப் போகாது. தோலை அப்பாகில் ஐந்து நிமிஷம் கொதிக்கவிட்டு, மூடி, ஒரு நாள் வைக்க வேண்டும். மறுநாள் தோலை வடித்தெடுத்து, பாகில் 150 கிராம் சர்க்கரை சேர்த்துக் கொதிக்கவைத்து, மீண்டும் தோலின் மேல் ஊற்ற வேண்டும். ஆறேழு நாள் இவ்வாறு செய்து வந்தால் பாகு தேன் பதத்துக்கு வரும். தோல் கண்ணாடிபோல் தெளியும். முதல் நாளே கெட்டிப் பாகில் போட்டால், தோலிலுள்ள நீர் விரைந்து வெளியேறி, இனிப்பு உள்ளே புகுமுன் அது சுருங்கித் தோல்வார்போல் ஆகிவிடும். பின்னர் எத்தனை நாள் ஊறவைத்தாலும் திருந்தாது. தேன் பதத்துப் பாகில் ஒரு வாரம் கிடந்தபின் வடித்தெடுத்து, கம்பிவலைத் தட்டில் நிழலில் உலர்த்தி, பொடித்த சர்க்கரையில் புரட்டி, ஈரம் புகாத புட்டியில் அடைக்கலாம். மிஞ்சும் பாகில் பழ வாசனை நிறைந்திருக்குமாதலால் அதைக் கொட்டாமல் பானகத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

மார்மலேட் என்னும் தோற்பாகும் இதனோடு ஒத்ததே. கமலா அல்லது சாத்துக்குடியின் சாறு, நூலாக அரிந்து வேகவைத்த தோல், சர்க்கரை ஆகியவற்றைச் சேர்த்துக் காய்ச்சி, 105 டிகிரி சூட்டில், கரண்டியிலிருந்து சொட்டாக விழாமல் தகடாக வழியும் பதத்தில் இறக்க வேண்டும். விதைகளைத் துணியில் முடிந்து உடன் கொதிக்கவிட்டால் அவற்றிலுள்ள பெக்டின் என்னும் உறைபொருள் இறங்கி நன்றாக உறையும். ஆயினும் நடை மூட்டைக்கு இது ஏற்றதன்று; ஒழுகும்.

பண்டம் செய்ய மரம் உயிரோடிருக்க வேண்டுமல்லவா? திருமுக்கூடலுக்கு நடந்து செல்வோர் வழியிலுள்ள கொல்லைகளைப் பார்த்துக்கொண்டு போனால், நன்செய் ஓரத்தில் வைத்த எலுமிச்சை மஞ்சளித்து நிற்பதையும், மேட்டுச் செம்மண்ணில் வைத்தது தழைத்து நிற்பதையும் காணலாம். உத்திரமேரூர்ப் பகுதி ஏரிப்பாசன நாடு. அவ்வூரின் வைரமேக தடாகம் பல்லவர் காலத்தது. வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தக சோழன் காலத்தில் 919, 921ஆம் ஆண்டுகளில் பொறித்த சாசனங்களைக் குடவோலைத் தேர்தலின் பொருட்டு எல்லோரும் அறிவர். ஏரியைக் கவனிக்க அறுவர் கொண்ட ஏரி வாரியமும், தோட்டங்களைக் கவனிக்கப் பன்னிருவர் கொண்ட தோட்ட வாரியமும் அச்சாசனத்தில் தனித்தனியே சொல்லப்பட்டிருப்பதைக் கவனிப்போர் சிலரே. ஏரி நீர் பாயும் நிலத்துக்கும் தோட்டத்துக்கும் வேறு வேறு பார்வை வேண்டும் என்பதை விவசாயி மறக்கும்போதுதான் நெல் வயலின் வரப்பில் எலுமிச்சை நட்டு, மூன்றாண்டில் இழக்கிறான்.

எலுமிச்சையின் வேர் தேங்கிய நீரைப் பொறாது. ஐப்பசி கார்த்திகை மழையில் அடிமரத்தைச் சுற்றி நீர் நின்றால், நிலத்திலுள்ள பூசணம் பட்டையைத் தாக்கி, அடியில் பிசின் வடியத் தொடங்கும். இலை வெளுத்து, நுனிக் கிளைகள் காய்ந்து, ஒரு வருஷம் அளவுக்கு மீறிக் காய்த்துவிட்டு மரம் பட்டுப் போகும். அந்த மிகுந்த காய்ப்பைக் கண்டு மகிழ்பவர்கள் உண்டு. அது மரத்தின் கடைசி முயற்சி என்பதை அவர்கள் உணர்வதில்லை. பிசின் கண்டவுடன் கெட்ட பட்டையைக் கூரிய கத்தியால் நல்ல பட்டை வரை சீவி எடுத்து, மயில்துத்தம் ஒரு கிலோ, சுட்ட சுண்ணாம்பு ஒரு கிலோ, நீர் 10 லிட்டர் என்னும் விகிதத்தில் செய்த போர்டோ பசையைத் தடவ வேண்டும். துத்தத்தையும் சுண்ணாம்பையும் மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரங்களில் தனித்தனியே கரைத்த பின்னரே கலக்க வேண்டும். பாசன நீர் அடிமரத்தைத் தொடாதபடி மரத்தைச் சுற்றி மண்ணை அணைத்து, அதற்கு வெளியே வட்டப்பாத்தி எடுத்து நீர் விடுவது எல்லாவற்றினும் முக்கியம். புதிதாய் நடுவோர் வடிகாலுள்ள மேட்டு நிலத்தில் முக்கால் மீட்டர் கனசதுரக் குழியெடுத்து, ஐந்து முதல் ஆறு மீட்டர் இடைவெளியில், நாற்றங்காலில் இருந்த மட்டத்துக்கு மேல் தண்டைப் புதைக்காமல் நட வேண்டும்.

நடையில் உடன்வரும் குழந்தைகளுக்கு ஒரு வேலை கொடுக்கலாம். இளஞ்செடியின் இலைமேல் பறவை எச்சம்போல் ஒன்று ஒட்டியிருந்தால் அது எச்சமன்று. எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் இளம் புழு. வளர்ந்தபின் பச்சை நிறமாகி, தொட்டால் தலையின் பின்புறத்திலிருந்து இரு கொம்பை நீட்டி நாற்றம் வீசும். வில்வத்திலும் இதைக் காணலாம். வில்வமும் விளாவும் கறிவேப்பிலையும் எலுமிச்சையின் குடும்பத்தைச் சேர்ந்தவையே. பெரிய மரத்துக்கு இப்புழுவால் பெருங்கேடில்லை. நாற்றில் மூன்று நான்கு புழு சேர்ந்தால் ஒரே வாரத்தில் ஈர்க்கு மட்டுமே மிஞ்சும். கையால் பொறுக்குவதே போதும், மருந்து வேண்டுவதில்லை.

திருமுக்கூடல் கோயிலை அடைந்தவர்கள் அங்குள்ள வீரராஜேந்திர சோழனின் சாசனத்தைப் பாராமல் திரும்பலாகாது. 11ஆம் நூற்றாண்டில் அக்கோயிலைச் சார்ந்து 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலை நடந்துவந்ததையும், வைத்தியர், சல்லியக் கிரியை செய்பவர், மருந்து கொணர்வோர், பணிப்பெண்கள் ஆகியோருக்குரிய ஜீவனத்தையும் அது கூறுகிறது. அங்கே சேமித்துவைக்க வேண்டிய மருந்துகளும் பெயர் பெயராய்ச் சொல்லப்பட்டுள்ளன. நெய்யும் லேகியமும் உப்பும் கிடைக்கும் காலத்தில் பக்குவம் செய்து, வேண்டும் காலத்துக்கு ஜாடியில் வைக்கும் வித்தை அக்காலத்திலேயே இவ்வாற்றங்கரையில் ஒழுங்காக நடந்துவந்தது.

பானகமும் மிட்டாயும் உற்சவத்தில் விற்றுக் காசாக்க எண்ணும் மகளிர் குழுவினர் சிலவற்றை முன்னதாகவே கவனிக்க வேண்டும். வீட்டுக்குச் செய்வதற்கு அனுமதி எதுவும் வேண்டாம். விற்பதற்கு, சிறு அளவாயினும், 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்துகொள்ளல் அவசியம். புட்டியின்மேல் பண்டத்தின் பெயர், சேர்ந்த பொருள்கள், செய்த தேதி ஆகியவற்றை ஒட்ட வேண்டும். மெட்டாபைசல்பைட் சேர்த்திருந்தால் அதையும் மறைக்காமல் எழுத வேண்டும். முதல் ஆண்டிலேயே நூறு புட்டி செய்து நஷ்டப்படுவதைவிட, இருபது புட்டி செய்து, எது முதலில் விலை போகிறது என்று பார்த்துக்கொள்வது விவேகம். தோல் மிட்டாயில் முதலீடு குறைவு, உழைப்பு அதிகம். பானகத்தில் சர்க்கரைச் செலவு அதிகம், உழைப்பு குறைவு. வீட்டில் ஆள்பலத்தைப் பார்த்துத் தெரிந்தெடுத்துக்கொள்ளலாம்.

ஆவணியில் பானகத்துக்குப் பழம் பிழியும் அன்று வடிகட்டியில் தங்கும் விதைகளை எறிந்துவிட வேண்டியதில்லை. எலுமிச்சை விதை காய்ந்தால் முளைப்புச் சக்தியை விரைவில் இழந்துவிடும். ஆகையால் நோயற்ற, நன்கு காய்க்கும் மரத்துப் பழத்தின் விதையை மட்டும் பொறுக்கி, வழவழப்புப் போகக் கழுவி, நிழலில் ஈரம் உலர்த்தி, அவ்வாரத்துக்குள்ளாகவே மேட்டுப்பாத்தியில் ஊன்ற வேண்டும். ஒரே விதையிலிருந்து இரண்டு மூன்று முளைகள் எழும்புவதைக் கண்டு வியப்படைய வேண்டாம். எலுமிச்சைக்கு அது இயல்பு. அவற்றுள் பெரும்பாலானவை தாய்மரத்தை ஒத்திருக்கும். மற்றவற்றோடு ஒத்து வளராமல் மிகக் குட்டையாகவோ மிக நெட்டையாகவோ நிற்பவற்றைப் பிடுங்கிவிட்டு, ஒரே சீராய் வளர்ந்த நாற்றுகளை மட்டும் வைத்துக்கொண்டால், மறு வருஷத்து மழைக்கு மேட்டுக் கொல்லையில் நடுவதற்கு அவை தயாராயிருக்கும்.